அடுத்த ஆண்டு எத்தனை பேர்? அரசு உதவித்தொகைப் பயனாளிகளை முன்கணிப்பது பற்றிச் செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம் வட்டாரங்களில் ஊராட்சி உறுப்பினர்களும் மகளிர் சுயஉதவிக் குழுவினரும் கல்லூரி மாணவர்களும் இந்தப் பொருள் குறித்து வழக்கமாக எழுப்பும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. சிவகங்கை, புதுக்கோட்டை என்ற இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் செட்டிநாட்டின் நிலவரத்தையொட்டியே எடுத்துக்காட்டுகள் அமைந்துள்ளன.

தகுதி உள்ளவர் வந்து கேட்டால் கொடுத்துவிட்டுப் போகலாமே, முன்கூட்டியே எண்ணிக்கையைக் கணிப்பது எதற்காக?

மனு ஆண்டு முழுவதும் வரும். பணமோ ஆண்டுக்கு ஒருமுறை, நிதிநிலை அறிக்கையில்தான் ஒதுக்கப்படும். ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டில் எத்தனை பேர் தொகை பெறுவார்கள் என்பதை அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே யாராவது ஓர் எண்ணாக எழுதித் தந்தாக வேண்டும். அந்த எண் குறைந்துபோனால் தகுதியுள்ளவரின் மனு நிலுவையில் உறங்கும். மிகுந்துபோனாலோ வேறொரு பணிக்குப் போயிருக்கக்கூடிய பணம் செலவாகாமல் ஆண்டிறுதியில் திரும்பும்.

நிதிநிலை அறிக்கையில் ஆட்களின் எண்ணிக்கை வெளிப்படையாகச் சொல்லப்படாத இடத்திலும் தொகைக்குள் அது ஒளிந்திருக்கும். மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்வோம். 2023 மார்ச்சில் அதற்கு 7,000 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய், செப்டம்பரில் தொடக்கம், மறு மார்ச் வரை ஏழு தவணைகள், ஆக ஒருவருக்கு 7,000 ரூபாய். வகுத்துப் பார்த்தால் சரியாக ஒரு கோடிப் பேர் என்று வருகிறது. இத்தனை உருண்டையான எண், மேலிருந்து வைத்த அளவே தவிர, ஊர் ஊராக எண்ணிக் கூட்டி வந்ததாக இருக்க முடியாது. விண்ணப்பித்தவர்கள் சுமார் 1 கோடியே 63 லட்சம். செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 6 லட்சம். மேல்முறையீடுகளுக்குப் பின் நவம்பரில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். 2024-25-க்கு ஒதுக்கிய 13,720 கோடியை 12,000 ரூபாயால் வகுத்தால் ஏறத்தாழ 1 கோடியே 14 லட்சமும், 2025-26-க்கு ஒதுக்கிய 13,807 கோடியை வகுத்தால் 1 கோடியே 15 லட்சமும் கிடைக்கின்றன. முதல் ஆண்டில் தோராயமாக இருந்த கணிப்பு, பயனாளிப் பட்டியல் கைக்கு வந்தபின் நடப்பு எண்ணிக்கையை ஒட்டி நடக்கத் தொடங்கியதை இந்த மூன்று வகுத்தல்களே காட்டிவிடுகின்றன.

அடிப்படைக் கணக்குதான் என்ன?

கண்மாய்க்கு வரத்துக்காலும் மடையும் கலுங்கும் இருப்பதுபோலப் பயனாளிப் பட்டியலுக்கும் வரவும் கழிவும் உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் இருந்தவர்களோடு புதிதாக ஒப்பளிப்பு, அதாவது தொகை வழங்கும் அனுமதி, பெறுபவர்களையும், நின்றுபோய் மீண்டும் சேர்க்கப்படுபவர்களையும் கூட்டி, இறந்தவர்களையும் ஆய்வில் நீக்கப்பட்டவர்களையும் ஊர் மாறியவர்களையும் கழித்தால் ஆண்டிறுதி எண்ணிக்கை கிடைக்கும்.

தேவகோட்டைப் பக்கத்தில் மானாவாரி ஊர் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பின்வரும் எண்கள் யாவும் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. ஏப்ரல் 1 அன்று முதியோர் உதவித்தொகை பெறுவோர் 90 பேர். ஆண்டில் 14 பேருக்குப் புதிதாக ஒப்பளிப்பு ஆகிறது. 2 பேருக்கு நின்றுபோன தொகை மீண்டும் வருகிறது. விதவை உதவித்தொகை பெற்றுவந்த ஓர் ஆச்சி 80 வயது நிறைந்ததால் முதியோர் பட்டியலுக்கு மாற்றப்படுகிறார். கூட்டினால் 107. இறப்பு 5, ஆய்வில் நீக்கம் 3, மகளோடு திருப்பூருக்குக் குடிபோனவர் 1, மிச்சம் 98.

இதில் இரண்டு இடங்கள் வழுக்கும். ஆச்சியை முதியோர் பட்டியலில் கூட்டிவிட்டு விதவைப் பட்டியலில் கழிக்க மறந்தால் மொத்தக் கணக்கில் ஒருவர் இருவராவார். அடுத்தது இறப்பு. இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்று சட்டம் இருந்தாலும், அந்தப் பதிவு உதவித்தொகைப் பட்டியலை எட்டச் சில மாதங்கள் ஆகலாம். ஐந்தில் மூன்று மட்டுமே மார்ச் 31-க்குள் நீக்கப்பட்டிருந்தால் பட்டியல் 100 என்று காட்டும், ஊரில் இருப்பவரோ 98 பேர். பட்டியலை நம்பிக் கணிப்பவர் இந்த இடைவெளியை ஆண்டுதோறும் சுமந்துகொண்டே போவார்.

மக்கள்தொகையில் முதியோர் இத்தனை சதவீதம் என்று பெருக்கிவிட்டால் போதாதா?

தொடங்குவதற்கு அது போதும், முடிப்பதற்குப் போதாது. 2011 கணக்கெடுப்பின்படி சிவகங்கை மாவட்டத்தின் மக்கள்தொகை 13,39,101. தமிழக மக்களில் 60 வயதைக் கடந்தோர் 2011-இல் 10.4 சதவீதம், அரசின் வல்லுநர் குழு செய்த கணிப்பில் 2021-க்கு 13.6 சதவீதம், 2031-க்கு 18.2 சதவீதம். திசை தெளிவாக இருக்கிறது: தகுதி வயதை எட்டுவோர் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகும்.

ஆனால் மாநில விகிதத்தை அப்படியே ஓர் ஊருக்குப் பொருத்தக் கூடாது. இளையவர்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போய்விட்ட ஊரில், எஞ்சியிருப்போரில் முதியோர் பங்கு மாநில சராசரியைவிட இயல்பாகவே உயர்ந்திருக்கும். மேலும் அடிப்படை எண் 2011-க்குரியது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐக் குறிப்புத் தேதியாகக் கொண்டு அறிவிக்கப்பட்டது. அதன் விவரம் வரும்வரை வாக்காளர் பட்டியலின் வயது விவரம், நியாயவிலைக் கடையின் அட்டைக் கணக்கு, பிறப்பு இறப்புப் பதிவு ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நேர்மையான வழி. மூன்றும் ஒத்துப்போகாது. எந்த ஊரிலாவது அச்சாக ஒத்துப்போனால் ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதியிருக்கிறார்களோ என்று ஐயப்படுவதில் தவறில்லை.

பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் நிறைந்த செட்டிநாட்டில் குடும்பங்களை எப்படி எண்ணுவது?

இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல் இது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி போன்ற ஊர்களில் கணிப்பு பிழைபட்டால் முதலில் இங்கேதான் தேட வேண்டும்.

கதவு எண்ணும் மின் இணைப்பும் உள்ள வீடுகளை எண்ணினால் குடும்பங்கள் மிகையாகத் தெரியும். வீட்டுக்காரர்கள் திருமணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டும் வந்து போகிறார்கள். அதே வீட்டின் பின்கட்டில் காவலுக்கு இருக்கும் குடும்பமோ கணக்கில் சரியாக வருவதில்லை. அவர்களுடைய குடும்ப அட்டையில் அந்தப் பெரிய வீட்டின் முகவரி இருக்கும். மின் இணைப்பு உரிமையாளர் பெயரில் இருக்கும். மகளிர் உரிமைத் தொகைக்கு, குடும்பத்தின் ஆண்டு மின் நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது தொடக்க விதிகளில் ஒன்று. கல்யாண நாட்களில் முகப்பிலிருந்து அடுப்படி வரை எரியும் விளக்குகளின் கணக்கு காவல்காரரின் மனைவி தலையில் விழாமலிருக்க, கள ஆய்வுக்கு வருபவர் பின்கட்டு வரை நடந்து போக வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. இரண்டு மூன்று தலைமுறையாகப் பாகம் பிரிக்காத வீட்டில் பத்துப் பதினைந்து பங்காளிகளுக்கு உரிமை இருக்கும். அவர்களில் ஒருவர், வருமானம் ஏதுமின்றி வளவில், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதியில், ஓர் அறையும் திண்ணையுமாகக் காலம் தள்ளும் மூதாட்டியாக இருக்கலாம். ஆவணத்தில் அவருக்கு மாளிகையில் பங்கு. கையில் மருந்து வாங்கக் காசில்லை. சொத்து மதிப்பை அளவுகோலாக வைக்கும் எந்த விதியும் இவரை வெளியே தள்ளும். அவரோ மனுக் கொடுப்பதையே கௌரவக் குறைவாக நினைத்து ஒதுங்கிக்கொள்வார். வறுமையைக் கணிக்க நினைத்தால் இவரைச் சேர்க்க வேண்டும். உதவித்தொகை பெறுவோரைக் கணிக்க நினைத்தால் சேர்க்கக் கூடாது. இந்த இரண்டு கணிப்புகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வரும் பிழைதான், என் பார்வையில், எல்லாவற்றிலும் பெரியது.

எண்ணும் அலகு எது என்பதையும் முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் தங்கள் கோயில் கணக்கில் மணமான குடும்பத்தை ஒரு புள்ளியாகக் கொண்டு எண்ணிப் புள்ளி வரி வாங்குவார்கள். அரசுத் திட்டங்களோ ஒன்று ஆளை எண்ணும், ஒன்று அட்டையை எண்ணும். முதியோர் உதவித்தொகை ஆளுக்கு. மகளிர் உரிமைத் தொகை ஓர் அட்டைக்கு ஒரு பெண்ணுக்கு. கூட்டுக்குடும்பம் பிரிந்து புது அட்டை வாங்கினால், ஊரில் ஒரு தலையும் கூடாமலேயே தகுதியுள்ளோர் எண்ணிக்கை கூடிவிடும். பேருந்துகளில் மகளிருக்கான கட்டணமில்லாப் பயணத்தில் கிடைக்கும் எண் பயணங்களைத்தான் காட்டும், பயணித்த பெண்களைக் காட்டாது.

வயது விவரத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

இன்று 60 வயதை ஒட்டி நிற்கும் கிராமத்துத் தலைமுறையில் பிறப்புச் சான்றிதழ் உள்ளவர்கள் அரிது. பிறந்த ஆண்டை மட்டும் சொல்லி ஆதார் எடுத்தவர்களுக்கு ஜனவரி 1 பிறந்தநாளாக விழுந்திருக்கிறது. பள்ளிக்குப் போனவர்களுக்கோ சேர்க்கைக்கு வசதியாக மே, ஜூன் மாதங்களில் ஒரு நாளை ஆசிரியரே எழுதியிருப்பார். இதனால் தகுதி வயதை எட்டுவோர் ஆண்டு முழுவதும் சீராக வருவதில்லை. ஜனவரியில் திடீரென்று ஒரு கூட்டம் தகுதி பெறும். மாதவாரியாகக் கணிப்பவர்கள் இதைக் கவனிக்காவிட்டால், ஜனவரிப் பெருக்கத்தைப் புதிய போக்கு என்று எண்ணிவிடுவார்கள். வாய்மொழியாகச் சொல்லப்படும் வயது 55, 60, 65 என்று ஐந்தின் மடங்குகளில் குவிவதும் எல்லாக் கணக்கெடுப்புகளிலும் தெரிந்த சங்கதியே. ஒற்றை வயதை விட்டுவிட்டு, ஐந்தாண்டுத் தொகுதிகளாகப் பார்ப்பது நல்லது.

தகுதியுள்ள எல்லோரும் விண்ணப்பிக்கிறார்களா?

இல்லை, விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் கிடைப்பதும் இல்லை. தகுதி, மனு, கள ஆய்வு, ஒப்பளிப்பு, வங்கிக் கணக்கில் வரவு என்று ஐந்து படிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் அடுத்த படிக்குப் போகிறார்கள் என்ற விகிதத்தைத் தனித்தனியே கணிக்க வேண்டும். இ-சேவை மையத்தில் பதிந்த மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் செல்லும்.

தொகையின் அளவே மனுக்களின் எண்ணிக்கையை மாற்றும் என்பதை மறக்கக் கூடாது. 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய முதியோர் உதவித்தொகை, 2011-இல் 1,000 ரூபாயாகவும் 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது. தாலுகா அலுவலகத்துக்கு இரண்டு நடை போக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியவர், வரப்போகும் தொகையை நினைத்துப் பார்த்துத்தான் கிளம்புவார். ஆகவே தொகையை உயர்த்தும்போது ஏற்கெனவே பெறுவோருக்கான கூடுதல் செலவை மட்டும் கணக்கிடுவது அரைக் கணக்கு. உயர்வைக் கேள்விப்பட்டுப் புதிதாக வருவோரையும் சேர்க்க வேண்டும்.

விதிகள் மாறினால் கணிப்பு என்னவாகும்?

மக்கள்தொகை மெதுவாக நகரும். விதி ஒரே அரசாணையில் மாறும். ஆகவே குறுகிய காலக் கணிப்பில் விதியின் பங்கே பெரிது.

விதி எளிமையாக இருந்தால் கணிப்பும் எளிது. 2021-இல் அரிசி அட்டை ஒன்றுக்கு 4,000 ரூபாய் என்று கொரோனா நிவாரணம் வழங்கப்பட்டபோது அட்டைகள் சுமார் 2 கோடியே 7 லட்சம் என்று முன்பே தெரியும். கணிப்பதற்கு ஒன்றுமே இல்லை. வருமானம், நிலம், மின் நுகர்வு என்று வடிகட்டிகள் கூடக் கூடத்தான் ஐயமும் கூடுகிறது.

உச்சவரம்பு என்பது வேறு வகை. மத்திய அரசு இந்திரா காந்தி தேசிய முதியோர் உதவித்தொகையில் தன் பங்கைத் தருவதற்கு மாநிலத்துக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பு நிரம்பிவிட்டால், ஊரில் முதியோர் எவ்வளவு பெருகினாலும் மத்தியப் பங்குக்கான எண் அசையாது. மேலதிகமானவர்களை மாநிலமே தன் பணத்தில் தாங்க வேண்டும், அல்லது மனுக்கள் காத்திருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டு ஊரில் 26 மனுக்கள் நிலுவையில் இருந்து, சிறப்பு முகாம் ஒன்றில் அவற்றில் 20 ஒரே நாளில் ஏற்கப்பட்டால் 98 என்ற கணிப்பு 118 ஆகிவிடும். இறப்பும் முதுமையும் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகளில் செய்யும் மாற்றத்தை ஒரு முகாம் செய்து முடித்துவிடுகிறது. நிலுவை மனுக்களின் எண்ணிக்கை தெரியாமல் செய்யப்படும் எந்த முன்கணிப்பையும் நான் பெரிதாக மதிப்பதில்லை.

வயதின் அடிப்படையில் இன்னொரு நுட்பமும் உண்டு. இந்திரா காந்தி முதியோர் உதவித்தொகையில் மத்தியப் பங்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய், 80-க்கு மேல் 500 ரூபாய். பெறுபவருக்கு இரண்டு நிலையிலும் 1,200 ரூபாய்தான். மாநிலத்தின் செலவு மட்டும் 1,000-இலிருந்து 700-ஆகக் குறையும். எத்தனை பேர் என்பதோடு எந்த வயதில் எத்தனை பேர் என்றும் கணித்தால்தான் பணக்கணக்கு சரியாக வரும்.

கல்வி உதவித் திட்டங்களுக்கும் இதே முறைதானா?

அவை எளிது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த மாணவிக்கு உயர்கல்வி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு கல்லூரியில் இருக்கப் போகிறவர்கள் இன்று ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டிலேயே இருக்கிறார்கள். இடைநிற்றல், தேர்ச்சி, உயர்கல்விச் சேர்க்கை என்ற விகிதங்களைப் பெருக்கினால் போதும். ஆண்டுக்கு ஒரு புதிய அணி சேர்ந்து மூன்று நான்கு அணிகள் ஒரே நேரத்தில் பயன்பெறும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

நீண்ட காலத்தில் இந்த எண்ணிக்கை இறங்கும். தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைப்பேறு 2020-இல் 1.4 என்று மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு காட்டியது. அதாவது காலைச் சிற்றுண்டிக்கும் சத்துணவுக்கும் தட்டுகள் குறையும் அதே காலத்தில் முதியோர் பட்டியல் நீளும்.

மழை பொய்த்தால் பயனாளிகள் கூடுவார்களா?

முதியோர் உதவித்தொகையில் உடனே கூடாது. நூறு நாள் வேலை என்று ஊரில் சொல்லும் ஊரக வேலைத் திட்டம் போன்றவற்றில் கூடும். இந்த வட்டாரத்தின் ஒரு போக நெல் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையையும் கண்மாயையும் நம்பியது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், அடுத்த ஆண்டு எவ்வளவு வேலை கேட்கப்படும் என்ற மதிப்பீட்டை ஆண்டுதோறும் டிசம்பரில் தயாரிக்கச் சொல்லியிருந்தது. செட்டிநாட்டைப் பொறுத்தவரை இந்த மாதம் பொருத்தமானது. அதற்குள் கண்மாய் நிறைந்ததா இல்லையா என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

வெளிநாடுகளில் இதைத் துல்லியமாகச் செய்கிறார்களா?

பிரிட்டனில் 2010-இல் அமைக்கப்பட்ட சுயேச்சையான நிதிப் பொறுப்பு அலுவலகம் நலத்திட்டச் செலவுகளை முன்கணித்து வெளியிடுவதோடு, பழைய கணிப்புகள் எங்கே பிசகின என்பதையும் வெளியிடுகிறது. அங்கும் சறுக்கல்கள் பெரியவை. உழைக்கும் வயதுடைய மாற்றுத்திறனாளிகளுக்கான பழைய உதவித்தொகைக்குப் பதிலாக 2013 ஏப்ரலில் புதிய திட்டம் வந்தபோது, செலவு 20 சதவீதம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். அந்தச் சேமிப்பு கைகூடவில்லை. புதிய விதியின் கீழ் எத்தனை பேர் தேறுவார்கள் என்பதைப் பழைய பட்டியலைக் கொண்டு அறிய முடியாது. நாம் அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது, பிசகியதை ஆண்டுதோறும் எழுதி வெளியிடும் வழக்கத்தை.

கணினியும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்ட பிறகு இந்தக் கைக்கணக்கு எதற்கு?

கணினி பழைய மாதங்களின் போக்கை நீட்டிக் காட்டும். அடுத்த மாத அரசாணை அதற்குத் தெரியாது. பின்கட்டில் குடியிருப்பவரும் தெரியாது. மாநில அளவில் அது பயன்படும். நூறு பேர் கொண்ட ஊர்ப் பட்டியலுக்குத் தாளும் பேனாவும் போதும்.

ஓர் ஊருக்குக் கணிப்பு எழுதினால் ஒரே எண்ணாகத் தரலாமா?

கூடாது. ஐந்து இறப்பு என்று எதிர்பார்த்த சிறிய ஊரில் அடுத்த ஆண்டு இரண்டும் நிகழலாம், ஒன்பதும் நிகழலாம். மாநில அளவில் இந்த ஏற்றத்தாழ்வுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஊர் அளவில் அப்படி ஆகாது. ஆகவே, விதி மாறாவிட்டால் 94 முதல் 102 வரை, நிலுவை மனுக்கள் பெரும்பாலும் ஏற்கப்பட்டால் 114 முதல் 122 வரை என்று இரண்டு நிலைமைகளாக எழுதி, எந்த நாளின் பட்டியலைக் கொண்டு எழுதப்பட்டது என்பதையும் குறிக்க வேண்டும். மேலிடத்தில் ஒரே எண்தான் கேட்பார்கள். நடு எண்ணைக் கொடுத்துவிட்டு வீச்சைப் பக்கத்திலேயே எழுதிவைப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை.

இந்தக் கணக்கை எங்கே, எப்போது முன்வைப்பது?

நிதிநிலை அறிக்கைக்கான மதிப்பீடுகள் குளிர்காலத்திலேயே தயாராகத் தொடங்குவதால், அக்டோபர் 2 அல்லது நவம்பர் 1 கிராம சபையில் வைப்பதே பொருத்தம். மே, ஜூன் மாத ஜமாபந்தி (வருவாய்த் தீர்வாயம்) அந்த ஆண்டின் ஒதுக்கீட்டுக்குக் காலம் கடந்தது, தனிநபர் மனுக்களுக்கு மட்டும் உதவும். பெயர்ப் பட்டியலைப் பொதுவில் வாசிக்க வேண்டியதில்லை. நடப்புப் பயனாளிகள், நிலுவை மனுக்கள், வரும் ஆண்டில் 60 வயது நிறைபவர்கள், கடந்த ஆண்டின் இறப்புகள் ஆகிய நான்கு எண்கள் போதும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உதவித்தொகை பெறுவோருக்கு வழங்கப்படும் வேட்டி சேலையில் எத்தனை உண்மையில் வாங்கப்பட்டன என்பதை நியாயவிலைக் கடையில் கேட்டு ஐந்தாவது எண்ணாகச் சேர்த்துக்கொண்டால், பட்டியலில் இருப்பவர்களுக்கும் ஊரில் இருப்பவர்களுக்கும் உள்ள இடைவெளி ஓரளவு தெரிந்துவிடும்.